வடிச்ச ஆயில் எங்க போகுது?

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல, என் காருக்கு அடியில மல்லாந்து படுத்திருந்தேன். கையில 14-ம் நம்பர் ஸ்பேனர், பக்கத்துல ஒரு பழைய பிளாஸ்டிக் பேசின், நாலு யூடியூப் வீடியோ பார்த்த தைரியம். முதல் தடவையா என் காருக்கு நானே இன்ஜின் ஆயில் மாத்தப் போறேன்.

கடைசித் திருகு கையாலதான் திருப்பணும்னு வீடியோவுல சொல்லியிருந்தாங்க. போல்ட் வெளிய வந்த அதே நொடியில ஆயிலும் வெளிய வரும்னு சொல்லல. மணிக்கட்டுல ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் ஓடிடுச்சு. நல்லவேளை, இன்ஜினை ரெண்டு நிமிஷம்தான் ஓட விட்டிருந்தேன், பொறுக்கிற சூடுதான். பழைய ஃபில்டரைக் கழட்ட அரை மணி நேரம். புது ஃபில்டர், புது வாஷர், புது ஆயில். ஸ்டார்ட் பண்ணேன், பிரஷர் லைட் அணைஞ்சுது. ஃபிரெண்ட்ஸ் குரூப்ல போட்டோ போட்டாச்சு. பெருமைன்னா அப்படி ஒரு பெருமை.

அப்புறம் திரும்பிப் பார்த்தா பேசின்ல மூணரை லிட்டர் கறுப்பு எண்ணெய். இதை என்ன பண்றது?

வாட்ச்மேன் அண்ணா வந்து பார்த்தார். "அந்த மூலைல டிரெயின் இருக்கு தம்பி, ஊத்திடுங்க. ஒரு மழை வந்தா போயிடும்" அப்படின்னார். பக்கத்து வீட்டு அங்கிள், "எங்க ஊர்ல உத்தரத்துக்குப் பூசுவோம்பா, கரையான் வராது" அப்படின்னார். எதிர்ல கட்டிட வேலை பண்ற மேஸ்திரி, "சென்ட்ரிங் பலகைக்குத் தடவலாம் சார், குடுங்க" அப்படின்னார். மூணு பேரும் நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க.

நான் டிரெயின்ல ஊத்தல. உடனே நல்லவன்னு நினைச்சுடாதீங்க. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு ஐடிக்கு வந்த பல லட்சம் பேர்ல நானும் ஒருத்தன். காலேஜ்ல படிக்கறப்போ ஹாஸ்டல் பின்னாடி என் பைக்குக்கு ஆயில் மாத்தி, வடிச்சதை வேலியோரம் மண்ணுல ஊத்தியிருக்கேன். ஒரு தடவை இல்ல, அஞ்சாறு தடவை. அதே செமஸ்டர்ல லூப்ரிகேஷன் பாடத்துல நல்ல மார்க்கும் வாங்கினேன். வடிச்ச ஆயில் எங்க போகும்னு பரீட்சையில ஒரு கேள்விகூட வரல.

அதனால இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தி. வீட்டுல ஆயில் மாத்துற பழக்கம் எப்படி வந்தது, வடிச்ச எண்ணெய் எங்கெல்லாம் போச்சு. இதுல ஒரு ஊரே காணாமப் போன கதையும் இருக்கு.

வடிக்கவே தேவையில்லாத காலம்

மசகு எண்ணெய் நமக்குப் புதுசு இல்ல. மாட்டு வண்டி அச்சுக்குப் போடுற வண்டி மை கேள்விப்பட்டிருப்பீங்க. வைக்கோலை எரிச்ச கரியை விளக்கெண்ணெய்ல குழைச்சுப் போடுவாங்கன்னு எங்க தாத்தா சொல்வார். அதை யாரும் வடிச்சு எடுத்ததில்ல. உருண்டு உருண்டு ரோட்டுலயே தீர்ந்துடும், மறுபடியும் பூசுவாங்க.

நீராவி இன்ஜின் காலத்துலயும் கதை கிட்டத்தட்ட இதேதான். அப்போ சிலிண்டருக்குப் போட்டது மாட்டுக் கொழுப்பு மாதிரியான விலங்குக் கொழுப்பு. நீராவியோட சூட்டுல அது சிதைஞ்சு அமிலமா மாறி உலோகத்தையே அரிக்கும். 1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் கிணறு தோண்டின பிறகு, பூமிக்கடியில இருந்து வர்ற கச்சா எண்ணெய் பக்கம் எல்லாரும் திரும்பினாங்க. ஜான் எல்லிஸ் என்ற டாக்டர் அதை மருந்தா பயன்படுத்த முடியுமான்னு பார்க்கப் போனார். மருந்து கிடைக்கல, நல்ல மசகு கிடைச்சுது. 1866-ல் கம்பெனி ஆரம்பிச்சார். அதுதான் பின்னாடி வால்வோலின்.

இன்னொரு பேரையும் சொல்லியாகணும். எலைஜா மெக்காய். அவரோட அப்பா அம்மா கென்டக்கியில அடிமைகளா இருந்து கனடாவுக்குத் தப்பி வந்தவங்க. மகனை ஸ்காட்லாந்துக்கு அனுப்பி இன்ஜினியரிங் படிக்க வெச்சாங்க. படிச்சுட்டு அமெரிக்காவின் மிச்சிகனுக்கு வந்தார். கறுப்பர் என்பதால ரயில்வேயில இன்ஜினியர் வேலை தரல. இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுறதும், எண்ணெய் விடுறதும்தான் கிடைச்ச வேலை. அப்போ எண்ணெய் விடணும்னா ரயிலை நிறுத்தணும். நிறுத்தாமலே, ஓடும்போதே தானா எண்ணெய் சொட்டுற ஒரு கருவியை அவர் கண்டுபிடிச்சு 1872-ல் காப்புரிமை வாங்கினார். எண்ணெய் விடுற வேலையைத்தான் அவருக்குக் கொடுத்தாங்க. அந்த வேலையையே தேவையில்லாததா ஆக்கிட்டுப் போனார் மனுஷன்.

ஆனா கவனிங்க. சொட்டின எண்ணெய் திரும்பி வராது. அதுபாட்டுக்குப் போயிடும். முதல் கார்கள், பைக்குகள், விமானங்கள் பலதுலயும் இதே முறைதான். இதுக்குப் பேரே டோட்டல் லாஸ், அதாவது விட்ட எண்ணெய் விட்டதுதான். முதல் உலகப் போர் விமானங்கள்ல ரோட்டரி இன்ஜின் உண்டு, மொத்த இன்ஜினும் சுத்தும். அதுக்கு ஊத்தினது நம்ம ஆமணக்கு எண்ணெய், விளக்கெண்ணெய். ஏன்னா அது பெட்ரோல்ல சுலபமா கரையாது. சுத்தற இன்ஜின் அதைப் பின்னாடி இருக்கிற பைலட் முகத்துல தெளிச்சுக்கிட்டே போகும். விளக்கெண்ணெயை முழுங்கினா என்ன ஆகும்னு நம்ம பாட்டிகளுக்கு நல்லாவே தெரியும். அந்தப் பைலட்டுகளுக்கும் தெரிஞ்சுது. கேஸ்ட்ரால்ங்கிற பேர்கூட 1909-ல் இந்த கேஸ்டர் ஆயில்ல இருந்து வந்ததுதான்.

இதெல்லாம் ரொம்பப் பழசுன்னு நினைக்காதீங்க. எங்க அப்பாவோட டிவிஎஸ் 50 ஞாபகம் இருக்கு. பங்க்ல பெட்ரோலோட ஆயிலையும் கலந்து ஊத்துவாங்க. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் அந்த ஆயிலைப் பெட்ரோலோட சேர்த்து எரிச்சுடும். அப்பா வீடு வந்து சேர்றதுக்கு முன்னாடி தெருமுனையில புகை வந்துடும். அந்த வண்டிக்கு இன்ஜின் ஆயில் வடிக்கிற வேலையே கிடையாது. நாங்க மூச்சுல வாங்கிக்கிட்டோம்.

ஃபோர்டு காரின் ரெண்டு குழாய்

வடிச்சு மாத்துறதை ஒரு பழக்கமா லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி. 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி கார்கள் வித்தது. அதுல ஆயில் பம்ப் கிடையாது, ஃபில்டர் கிடையாது, டிப்ஸ்டிக்கும் கிடையாது. இன்ஜினோட அடிப் பாத்திரத்துல எண்ணெய் தேங்கி நிக்கும். சுத்துற பாகங்கள் அதுல முங்கி எழுந்து நாலாபக்கமும் தெளிக்கும், அவ்வளவுதான் லூப்ரிகேஷன்.

அளவு பார்க்கணும்னா வண்டிக்கு அடியில போகணும். அங்க மேலும் கீழுமா ரெண்டு சின்னக் குழாய் இருக்கும். மேல் குழாயைத் திறந்து எண்ணெய் வந்தா நிறைய இருக்குன்னு அர்த்தம். கீழ்க் குழாய்ல வரலன்னா உடனே ஊத்தணும். எண்ணெய் மட்டம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும். எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது. சென்சார் இல்லாம, ரெண்டே ரெண்டு இஃப் கண்டிஷன்ல முடிச்சுட்டாங்க.

அந்தக் காரோட மேனுவல் கேள்வி-பதில் வடிவத்துல இருக்கும். புது வண்டி 400 மைல் ஓடினதும் அழுக்கு எண்ணெயை வடிச்சுடுங்க, அதுக்கப்புறம் 750 மைலுக்கு ஒரு தடவை வடிங்கன்னு அதுல சொல்லியிருக்கும். 750 மைல்னா 1,200 கிலோமீட்டர். இன்னைக்கு என் கார் மேனுவல் 10,000 கிலோமீட்டர்னு சொல்லுது. சொந்தக்காரரே வடிக்கணும்னுதான் அவங்க எதிர்பார்ப்பு. வாங்கினவங்கள்ல நிறைய பேர் விவசாயிகள். பக்கத்துல ஒர்க்‌ஷாப் இருக்காது, ஆனா கையில ஸ்பேனர் இருக்கும். அதாவது நான் ஞாயித்துக்கிழமை பெரிய சாதனையா பண்ணினது அவங்களுக்கு மாசாமாசம் பண்ற வீட்டு வேலை.

வடிச்சதை எங்க ஊத்தினாங்க? பண்ணையில மண் ரோடு இருக்கு, புழுதி பறக்குது, அதுல ஊத்தினா புழுதி அடங்கும். இரும்புச் சாமான் துருப்பிடிக்காம இருக்க அதுல தடவலாம். யாருக்கும் அது கழிவாவே தெரியல. இந்தப் புழுதி அடக்குற ஐடியாவை மனசுல வெச்சுக்கோங்க, திரும்பி வருவோம்.

கறுத்தா நல்லதா, கெட்டதா?

அடுத்த முப்பது வருஷத்துல எண்ணெயே மாறிப் போச்சு. மூணு விஷயம் மட்டும் சொல்றேன்.

முதல் விஷயம் ஃபில்டர். 1920களின் தொடக்கத்துல எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால் என்ற ரெண்டு பேர் காருக்கு ஒரு ஆயில் ஃபில்டர் செஞ்சாங்க. சுத்தமான எண்ணெய் பின்னாடி வரும்னு அர்த்தம் வர்ற மூணு ஆங்கில வார்த்தையைச் சேர்த்து 'பியூரோலேட்டர்'னு பேர் வெச்சாங்க. 1924-ல் வந்த கிறைஸ்லர் காருக்கு அது ஷோரூம்லயே பொருத்தி வந்தது.

ரெண்டாவது, டப்பா மேல இருக்கிற நம்பர். 1911-லயே அமெரிக்க ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள் சங்கம், அதாவது எஸ்ஏஇ, எண்ணெயோட கெட்டித் தன்மைக்கு ஒரு அளவு வெச்சுட்டாங்க. குளிர்கால எண்ணெய்க்கு டபிள்யூ எழுத்து 1933-ல் வந்தது. 5 டபிள்யூ 30-ல வர்ற டபிள்யூ வெயிட் இல்ல, வின்டர். குளிர்ல 5-ம் நம்பர் எண்ணெய் மாதிரி ஓடணும், சூட்டுல 30-ம் நம்பர் மாதிரி கெட்டியா நிக்கணும். இப்படி ரெண்டு குணமும் ஒரே டப்பாவுல வர்ற மல்டிகிரேட் எண்ணெய் 1950கள்ல பரவலா வந்தது. அதுல ஒரு பாலிமர் கலந்திருப்பாங்க. குளிர்ல சுருண்டு கிடக்கும், சூட்டுல விரிஞ்சு எண்ணெய் ரொம்ப நீர்த்துப் போகாம பார்த்துக்கும். நம்ம சென்னையில வின்டர்னா மார்கழியில ரெண்டு நாள் ஃபேனைக் குறைச்சு வைக்கிறதுதான். இருந்தாலும் மேனுவல் சொல்ற நம்பரையே போடுங்க.

மூணாவதுதான் முக்கியம். 1930கள்ல டீசல் டிராக்டர்கள்ல ஒரு பிரச்சினை. கரி படிஞ்சு பிஸ்டன் ரிங் எல்லாம் ஒட்டிக்கிச்சு. அதுக்குத் தீர்வா எண்ணெயிலேயே சோப்பு மாதிரி ஒரு கெமிக்கலைக் கலந்தாங்க, டிடர்ஜென்ட். நாம துணி துவைக்கிற அதே லாஜிக். அழுக்கை உலோகத்துல ஒட்ட விடாம எண்ணெயில மிதக்க விடும். அதனால இன்ஜின் சுத்தமாகும், எண்ணெய் சீக்கிரம் கறுக்கும். ஆயில் கறுத்துடுச்சு, போச்சுன்னு நம்ம ஆளுங்க பதறுவாங்க. கறுத்திருந்தா பெரும்பாலும் அது வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். துணி துவைச்ச தண்ணி தெளிவா இருந்தாத்தானே சந்தேகப்படணும்?

ஆனா இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. 1910-ல் வடிச்சது வெறும் எண்ணெய். 1950க்கு அப்புறம் வடிக்கிறதுல துத்தநாகம், பாஸ்பரஸ் கலந்த கெமிக்கல்கள், எரியாத எரிபொருள், கரி, தேய்ஞ்ச உலோகத்தூள்னு ஒரு கலவையே இருக்கு. அன்னைக்குப் பெட்ரோல்ல ஈயம் வேற இருந்தது, அதுவும் இதுல சேரும். சரக்கு மாறிடுச்சு. கொட்டுற பழக்கம் மட்டும் மாறல.

1963-ல் ஒரு வீட்டுக் குறிப்பு

அமெரிக்காவில் பாப்புலர் சயின்ஸ்னு ஒரு பத்திரிகை. அன்னைக்கு வீட்டுல எதையாவது பிரிச்சுப் போட்டு மாட்டுற ஆட்களுக்கு அதுதான் யூடியூப். 1963-ல் அதுல ஒரு துணுக்கு வந்தது. வடிச்ச எண்ணெயை என்ன பண்றது? தோட்டத்துல ஒரு குழி தோண்டு. பொடி ஜல்லியைக் கொட்டி நிரப்பு. எண்ணெயை அதுல ஊத்து. அடுத்த தடவை மாத்துறதுக்குள்ள மண்ணு குடிச்சுடும். மேல மண்ணைப் போட்டு மூடிடு. சின்னதா படம் வேற போட்டிருந்தாங்க.

இன்னைக்கு இன்டர்நெட்ல அந்தப் பக்கத்தைப் போட்டு எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அதுல சொன்னதைத்தான் நான் ஹாஸ்டல் பின்னாடி செஞ்சேன். ஜல்லி போடல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் குறிப்பை எழுதினவரும் கெட்டவர் இல்ல. மண்ணு வடிகட்டிடும், பூமி பெருசு, நாலு லிட்டர் என்ன பண்ணிடும்னு நம்பினார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சியான இபிஏ பின்னாடி போட்ட கணக்கு வேற. ஒரு தடவை கார்ல இருந்து வடிக்கிற எண்ணெய் 10 லட்சம் கேலன் நல்ல தண்ணியைக் கெடுக்கும்னு சொல்றாங்க. நம்ம கணக்குல சுமார் 38 லட்சம் லிட்டர். என்னோட அஞ்சாறு தடவையைப் பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரல. பைக்குக்கு ஒரு லிட்டர்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

டைம்ஸ் பீச்

இப்போ அந்தப் புழுதி அடக்குற விஷயத்துக்குத் திரும்புவோம்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலம். செயின்ட் லூயிஸ் நகரத்துக்குத் தென்மேற்கே, மெராமெக் ஆத்தங்கரையில டைம்ஸ் பீச்னு ஒரு சின்ன ஊர். 1925-ல் ஒரு நாளிதழ் சந்தா பிடிக்கிறதுக்காக உருவாக்கின ஊர் அது. ஆறு மாச சந்தாவோட 67 டாலர் 50 சென்ட் கட்டினா ஒரு மனை. ஆரம்பத்துல லீவு நாள் குடிசைகள், அப்புறம் 2,000 பேருக்கு மேல வாழ்ற ஊர். 1970கள்ல அங்க இருந்த பிரச்சினை நம்ம ஊர்ப் பஞ்சாயத்துப் பிரச்சினைதான். தார் ரோடு போடக் காசில்ல, மண் ரோட்டுல ஒரே புழுதி.

ரஸ்ஸல் ப்ளிஸ்னு ஒருத்தர். ஒர்க்‌ஷாப்புகள்ல வடிச்ச எண்ணெயை லாரியில சேகரிக்கிறது அவர் தொழில். அதை ரோட்டுல தெளிச்சா புழுதி அடங்கும்னு ஊர் அவரை அமர்த்திச்சு. 1972-ல் இருந்து 1976 வரைக்கும் ஊர்த் தெருக்கள்ல தெளிச்சார். பசங்க அந்த லாரிக்குப் பின்னாடி சைக்கிள்ல போய் வழுக்கி விளையாடினாங்களாம்.

அந்த ஆளுக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. அதே மாநிலத்துல, வெரோனாங்கிற ஊர்ல ஒரு கெமிக்கல் ஃபேக்டரி. அதோட கழிவையும் எடுத்துட்டுப் போற வேலை அவர்கிட்ட வந்தது. அதுல டையாக்சின் இருந்தது. மனுஷன் தயாரிச்சதுலயே ரொம்ப மோசமான விஷங்கள்ல ஒண்ணு. அந்தக் கழிவு பழைய எண்ணெய் டேங்க்ல கலந்தது. ரெண்டும் கறுப்பு, ரெண்டும் கெட்டி. டேங்க்குக்குள்ள எது எதுன்னு யாரால பிரிச்சுச் சொல்ல முடியும்? அதுல டையாக்சின் இருந்தது எனக்குத் தெரியாதுன்னுதான் அவர் கடைசிவரை சொன்னார்.

முதல் அறிகுறி 1971-லயே தெரிஞ்சுது. வேற ஒரு இடத்துல குதிரை லாயத்தோட மைதானத்துல அவர் எண்ணெய் தெளிச்சார். சில நாள்ல குருவிகள் செத்து விழுந்தது. அப்புறம் குதிரைகள், டஜன் கணக்குல. அந்த லாயத்தை நடத்தினவங்களோட சின்னப் பொண்ணு ஆஸ்பத்திரியில சேர்ற அளவுக்கு நோய்ப்பட்டா. அந்தக் குழந்தையோட அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? காரை எடுத்துக்கிட்டு அந்த லாரி போற இடமெல்லாம் பின்னாடியே போனாங்க. ஒரு வருஷத்துக்கும் மேல. எங்க எங்க தெளிக்குது, எங்க கொட்டுதுன்னு லிஸ்ட் எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பினாங்க. மண்ணுல இருந்தது டையாக்சின்னு ஆய்வகத்துல உறுதியானது 1974-ல். அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் டைம்ஸ் பீச்ல தெளிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

1982 கடைசியில்தான் இபிஏ ஆட்கள் டைம்ஸ் பீச்சுக்கு வந்து மண் எடுத்தாங்க. அவங்க கிளம்பின கையோட, டிசம்பர் 5-ம் தேதி ஆத்துல வெள்ளம். ஊரே முங்கிச்சு. ஜனங்க வீட்டைக் கழுவிச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கும்போது, கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி ரிசல்ட் வந்தது. வெளிய போனவங்க திரும்பி வராதீங்க, உள்ள இருக்கிறவங்க கிளம்பிடுங்கன்னு சொல்லிட்டாங்க. 1983 பிப்ரவரியில அரசாங்கம் மொத்த ஊரையும் விலைக்கு வாங்குறதா அறிவிச்சுது. 1985-ல் ஊர் சட்டப்படியே இல்லாம போச்சு. 1996-97-ல் அங்கேயே ஒரு எரிஉலை கட்டி, 2 லட்சத்து 65 ஆயிரம் டன் மண்ணை எரிச்சாங்க. இப்போ அந்த இடம் ஒரு பூங்கா. இடிச்ச வீடுகளை எல்லாம் புதைச்ச இடத்துல புல்லு மூடின ஒரு நீளமான மேடு இருக்கு.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். ஊரைக் கொன்னது டையாக்சின், கார் எண்ணெய் இல்ல. ஊரைக் காலி பண்ணச் சொன்ன அதிகாரியே 1991-ல், அன்னைக்கு அது தேவையில்லாம இருந்திருக்கலாம்னு சொன்னார். அந்த வாதம் தனி. எனக்கு உறைச்சது வேற. அவ்வளவு பெரிய விஷம் ஒரு ஊருக்குள்ள வந்து சேர, பழைய எண்ணெய் லாரியை விட நல்ல வாகனம் கிடைச்சிருக்காது. ஏன்னா அந்த லாரியை நிறுத்தி உள்ள என்ன இருக்குன்னு கேட்கிற வழக்கமே யாருக்கும் இல்ல. கேட்டது ஒரு அம்மா. அதுவும் குதிரைகள் செத்ததுக்கு அப்புறம்.

எண்ணெய் தேயாது, அழுக்குத்தான் ஆகும்

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, வடிச்ச எண்ணெயைக் கொட்டவே தேவையில்ல. எண்ணெயோட அடிப்படை மூலக்கூறுல பெரும்பகுதி அப்படியேதான் இருக்கு. தண்ணி, எரிபொருள், கரி, கெமிக்கல் எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டா மறுபடி நல்ல எண்ணெய். இதுக்கு ரீ-ரிஃபைனிங்னு பேர். இது புதுத் தொழில்நுட்பமும் இல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடியே உண்டு.

ஆனா அமெரிக்காவில் 1960கள்ல, அப்படிச் சுத்தம் செஞ்ச எண்ணெய் டப்பாவுல "ஏற்கெனவே பயன்படுத்தியது"ன்னு எழுதணும்னு ஒரு விதி வந்தது. எச்சில் தட்டுன்னு போர்டு மாட்டினா எவன் சாப்பிடுவான்? வரிச் சலுகையும் போச்சு. பழைய முறையில அமிலம் ஊத்திச் சுத்தம் பண்ணி, மிச்சமான அமிலச் சேறு வேற பெரிய தலைவலி. அந்தத் தொழிலே படுத்துடுச்சு. 1980-ல் சட்டம் போட்டு அந்த லேபிள் விஷயத்தைச் சரிசெய்யப் பார்த்தாங்க.

இந்தியாவில் வடிச்ச எண்ணெய் அபாயகரமான கழிவுப் பட்டியல்ல இருக்கு. அங்கீகாரம் பெற்ற ஆட்கள்தான் எடுத்து மறுசுத்திகரிப்பு பண்ணணும். 2023-ல் வந்த விதித் திருத்தம், 2024 ஏப்ரல் 1 முதல், எண்ணெய் தயாரிக்கிற, இறக்குமதி பண்ற கம்பெனிகளையே பொறுப்பாக்குது. சந்தைக்கு எவ்வளவு அனுப்பினீங்களோ, அதுல ஒரு பங்கு திரும்பச் சுத்திகரிக்கப்பட்டதா கணக்குக் காட்டணும். காகிதத்துல நல்ல விதி. ஆனா அந்தக் கணக்குல என் பேசின் வரணும்னா முதல்ல அது சரியான கைக்குப் போகணும்.

என் மூணரை லிட்டர்

நான் அதைப் பழைய ஆயில் கேன்லயே ஊத்தி இறுக்கி மூடினேன். எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். நான் சொந்தமா மாத்தினது தெரிஞ்சு, "வாஷரைப் புதுசு போட்டீங்களா தம்பி?" அப்படின்னு மட்டும் கேட்டார். போட்டேன்னதும் முகத்துல ஒரு சின்ன மரியாதை. பின்னாடி இருக்கிற டிரம்மைக் காட்டினார். ஊத்தினேன்.

"இதை யாருண்ணே எடுத்துட்டுப் போவாங்க?"

"ஒரு ஆளு மாசம் ஒரு தடவை வண்டியில வருவாப்ல. லிட்டருக்கு இவ்வளவுன்னு காசு குடுத்துடுவாப்ல."

"அவர் எங்க கொண்டுபோவார்?"

அண்ணன் கையைத் துடைச்சுக்கிட்டே யோசிச்சார். "அது தெரியல தம்பி. இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல."

அந்தக் கடையோட வாசல்ல நின்னப்போ எனக்கு டைம்ஸ் பீச் லாரிதான் ஞாபகம் வந்தது. அந்த ஆள் நல்லவரா இருக்கலாம், சரியான இடத்துக்கே கொண்டுபோகலாம். இல்ல, ஏதோ ஒரு சூளையில எரிக்கவும் விக்கலாம். எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது.

வெள்ளத்தோட எண்ணெய் வந்தா என்ன ஆகும்னு பார்க்க நமக்கு மிசூரி வரைக்கும் போக வேண்டியதில்ல. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலி பக்கம் இருந்து வெள்ளத்துல கலந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் போச்சு. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாத்துலயும் கறுப்புக் கோடு. மீனவங்க படகுல நின்னு வாளியில எண்ணெய் அள்ளின காட்சியை நாம எல்லாரும் போன்ல பார்த்தோம். அது பெரிய அளவு, தொழிற்சாலை விவகாரம், ஒத்துக்கிறேன். ஆனா எங்க பேஸ்மென்ட் டிரெயின்ல ஊத்தியிருந்தா அதுவும் மழைநீர்க் கால்வாய் வழியா பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கம்தான் போயிருக்கும். "ஒரு மழை வந்தா போயிடும்"னு வாட்ச்மேன் அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. எங்க போயிடும்ங்கிறதுதான் கேள்வி.

சரி, நீங்க வீட்டுல ஆயில் மாத்துறவங்களா? மாத்துங்க, நல்ல பழக்கம், உங்க வண்டி உங்களுக்குப் புரியும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்ட் வைங்க. ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடியே மூடியோட ஒரு கேனை எடுத்து வைங்க. வடிச்சதுல கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல், தின்னர் எதையும் கலக்காதீங்க. கலந்துட்டா அதைச் சுத்தம் பண்றது ரொம்பக் கஷ்டம், டைம்ஸ் பீச் கதையே கலந்ததால வந்த கதைதான். பழைய ஃபில்டரைக் கவுத்து வெச்சு ஒரு ராத்திரி வடிய விடுங்க, அதுக்குள்ளயும் எண்ணெய் இருக்கு. அப்புறம் கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்துல, இது எங்க போகுதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

நான் மெக்கானிக் அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கேன். அடுத்த மாசம் அந்த வண்டி வர்ற அன்னைக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்கன்னு. சிரிச்சார், "சரி தம்பி"ன்னார். கால் வந்தா அந்த டிரைவர்கிட்டப் பேசிப் பார்க்கிறேன். என்ன சொன்னார்னு உங்களுக்கும் சொல்றேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே.